ஆசீர்வாதம் பிறகு, முதலில் ஒரு மேசை

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் நான்கறை வீட்டில் மேசை ஒன்றுதான். அம்மா கீரை ஆய்வது அதில்தான். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வரும் அப்பா பசியாறுவதும் அதில்தான். வார இறுதியில் பெரியக்காவின் பிள்ளைகள் வந்தால் டியூஷன் பாடம் எழுதுவதும் அதில்தான். 2012ல் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்த புதிதில், ஃபோம் போர்டு, பேனாக்கத்தி, ஒட்டும் ஸ்பிரே எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்த மேசையில் பரப்பினேன். மூன்றாம் நாள் ரசத்தில் வெள்ளைத் துகள் மிதந்தது. அப்பா அதைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: "இது இன்னும் எத்தன வருஷத்துக்கு?"

"ஏழு" என்றேன்.

சேரும்போது ஐந்து என்றுதான் சொல்லியிருந்தேன். அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அந்த ஏழு கடைசியில் எட்டாக முடிந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் வீட்டோடு எப்படி ஓட்டினேன், எங்கே சொதப்பினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவம், சட்டம், கணக்கியல், பொறியியல், உளவியல் என்று நீண்ட பயிற்சி கேட்கும் தொழிலில் இப்போதுதான் கால் வைத்திருப்பவர்களுக்காக இது. டாக்டருக்குப் படித்தால் வீட்டில் தடையே இருக்காது என்று நினைக்க வேண்டாம். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்த அதே குடும்பம், சிறப்புப் பயிற்சிக்குப் போகிறேன் என்று 28 வயதுப் பெண் சொல்லும்போது முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நீங்கள் கணக்குப் போடுங்கள்

வீட்டில் உட்கார்ந்து பேசுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, உங்கள் பாதையின் உண்மையான நீளத்தை எழுதுங்கள். நம் வீடுகளில் பட்டமளிப்பு விழாப் படம் வரவேற்பறைச் சுவரில் ஏறிவிட்டால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். நம் தொழில்களில் அந்தப் படம் பாதி வழியில் எடுத்தது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பட்டம் வாங்கிய மறுவாரமே "அடுத்து என்ன பரீட்சை? ஏமாத்துறியா?" என்ற பேச்சு வரும்.

கட்டடக்கலை என்றால் இளங்கலை 4 ஆண்டு, முதுகலை 1 ஆண்டு, நிறுவனத்தில் நடைமுறைப் பயிற்சி 2 ஆண்டு, பிறகு தொழில்முறைத் தேர்வு. மருத்துவம் 5 ஆண்டு, மருத்துவமனையில் ஹவுஸ்மன் பயிற்சி 1 ஆண்டு, அதன்பின் சிறப்பு மருத்துவராக வேண்டுமென்றால் துறையைப் பொறுத்து இன்னும் பல ஆண்டு. நடுவில் அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்ட சேவைக் காலமும் உண்டு. சட்டம் 4 ஆண்டு முடிந்ததும் வழக்கறிஞர் தேர்வு இருக்கிறது. முன்பு 6 மாதமாக இருந்த பயிற்சிக் காலம் 2024ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து ஓராண்டாகிவிட்டது. அண்ணன் காலத்துக் கணக்கைத் தம்பிக்குச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். பதிவுபெற்ற பொறியாளராக, பட்டத்துக்குப் பிறகு 4 ஆண்டு அனுபவமும் இரண்டு தேர்வுகளும். ஏசிசிஏ என்ற கணக்காளர் தகுதி என்றால் 13 தாள், 36 மாத வேலை அனுபவம். ஆண்பிள்ளைக்கு இவற்றோடு தேசிய சேவை 2 ஆண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் மூன்று தேதிகள் வேண்டும். படிப்பு முடியும் மாதம், சம்பளம் வரத் தொடங்கும் மாதம், முழுத்தகுதி கையில் கிடைக்கும் மாதம். நாம் எப்போதும் மூன்றாவதைப் பற்றியே பேசுகிறோம், வீட்டுக்கு வேண்டியது இரண்டாவது. என் அப்பா ஏழு வருஷமும் நான் சும்மா படித்துக்கொண்டிருப்பேன் என்றே நினைத்திருக்கிறார். கடைசி 2 ஆண்டு நிறுவனத்தில் சம்பளத்தோடுதான், மசேநிதியும் (மத்திய சேம நிதி, ஓய்வுகாலச் சேமிப்பு) கட்டுவார்கள் என்று நான் சொன்னபோது, "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றார். எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றியிருக்கவில்லை. ஹவுஸ்மனுக்கும் சம்பளம் உண்டு. இப்படி நமக்குச் சாதாரணமாகத் தெரிந்த ஒன்று வீட்டுக்குத் தெரியாமல் எத்தனை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியில் ஓர் ஆண்டைக் கூட்டிச் சொல்லுங்கள். பரீட்சையில் ஒரு தாள் தவறலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம். எட்டு என்று சொல்லி ஏழில் முடித்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

'வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்குள் பல கேள்விகள்

குடும்பம் மொத்தமும் சேர்ந்து எதிர்க்கிறது என்று தோன்றும். எங்கள் வீட்டில் அப்படித்தான் தோன்றியது. தனித்தனியாகப் பேசியபோதுதான் ஒவ்வொருவர் மனத்திலும் வேறு வேறு பயம் இருந்தது தெரிந்தது.

அப்பா கப்பல் பட்டறையில் வேலை. அப்போது அவருக்கு 54. ஞாயிற்றுக்கிழமை புளோக் கீழே கோப்பிக்கடையில் கோப்பி-ஓ வாங்கிக் கொடுத்துவிட்டு, படிப்பைப் பற்றி ஒன்றும் பேசாமல், "ஒங்களுக்கு என்னப்பா கவலை?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "நான் இன்னும் எத்தன வருஷம் ஏணி ஏறணும்னு தெரியணும்."

அவர் முட்டி வலியைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. என் ஏழு ஆண்டுகளை அவர் தன் முட்டியால் எண்ணிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கவலை வேறு. அக்காவுக்கு 24ல் கல்யாணம் ஆகிவிட்டது. அத்தையும் பெரியம்மாவும் என்னைப் பற்றிக் கேட்கும்போது அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. நான் என்ன படிக்கிறேன் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. "வீடு டிசைன் பண்ற படிப்பு" என்று சொல்லியிருக்கிறார், "அப்ப இண்டீரியரா? அதுக்கு ஏன் இத்தன வருஷம்?" என்று அத்தை கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. இந்தக் கதையை ஈரச்சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். வீட்டில் நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே செய்ய வேண்டியது இது. எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசாதீர்கள், அது பஞ்சாயத்தாகிவிடும். ஒரு தடவைக்கு ஒருவர், வீட்டுக்கு வெளியே, நடந்துகொண்டோ குடித்துக்கொண்டோ. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் காலையில் எதையும் தொடங்க வேண்டாம். முதல் நாள் நீங்கள் விளக்கமே சொல்லாதீர்கள், கேட்டுவிட்டு வாருங்கள். இது கேட்பதற்குச் சுலபம், செய்வதற்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஏன் இவ்வளவு காலம் என்பதை அவர்கள் பார்த்ததிலிருந்து சொல்லுங்கள்

பாடத்திட்டம், வாரியம், அங்கீகாரம் என்று நான் அப்பாவிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஒன்றும் ஏறவில்லை. ஒருநாள் தற்செயலாக ஹோட்டல் நியூ வோர்ல்டு பற்றிப் பேச்சு வந்தது.

1986 மார்ச் 15, சனிக்கிழமை. சிராங்கூன் சாலையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நொடிப்பொழுதில் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்கப்பாதை வேலையில் இருந்த வெளிநாட்டு நிபுணர்கள் வந்து இடிபாடுகளுக்குள் துளைத்து ஆட்களை வெளியே எடுத்தார்கள். அப்பாவுக்கு அப்போது 28. மறுநாள் கூட்டத்தோடு கூட்டமாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார். "எல்லாரும் சத்தம் போடாம நின்னோம், உள்ளேருந்து யாராச்சும் கூப்பிடுறாங்களான்னு கேக்கறதுக்கு" என்றார்.

அது ஏன் விழுந்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். விசாரணையில் வெளிவந்ததைச் சொன்னேன். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். தூண்கள் ஆரம்பத்திலிருந்தே தாங்க முடியாத பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. அதன்பிறகுதான், 1989ல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், ஒருவர் போட்ட கட்டமைப்புக் கணக்கை இன்னொரு தகுதிபெற்றவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி வந்தது.

அது பொறியாளர் வேலை, என் வேலை இல்லை என்பதையும் சொன்னேன். பொய் சொல்லி மதிப்பு வாங்கக்கூடாது இல்லையா. ஆனால் வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பு, வாரியத்தில் பதிவு இல்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவே கூடாது, அதற்குத்தான் இத்தனை ஆண்டு என்றதும் அப்பா தலையாட்டினார். "கையெழுத்துன்னா சும்மாவா" என்று முணுமுணுத்தார். கப்பல் பட்டறையில் சூடான வேலைக்கு முன் பெர்மிட்டில் கையெழுத்து வாங்காமல் ஒரு தீப்பொறிகூட விடமுடியாது. அவருக்கு அந்த உலகம் நன்றாகத் தெரியும். நான்தான் இத்தனை நாள் அதை விட்டுவிட்டு வேறு எங்கிருந்தோ விளக்கிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நினைவு இருக்கும். மருத்துவமோ தாதிமையோ படிக்கிறவர் 2003 சார்ஸ் காலத்தைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள். காலையும் மாலையும் பிள்ளைக்கு வெப்பமானியில் காய்ச்சல் பார்த்த நினைவு அவருக்கு இருக்கும். சட்டம் படிக்கிறவர், வீடு விற்று வாங்கியபோது எந்தத் தாளில் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாமல் போட்ட கதையைக் கேட்கலாம். அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

பணம்: யாருடைய பணம் என்பதுதான் முக்கியம்

வீடு ஆதரவாக இருந்தால் எந்தக் கடனும் சரி. எதிர்ப்பாக இருந்தால் கடன் வாங்கும் வரிசை முக்கியம்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணக் கடன் உண்டு. மானியம் போக உள்ள கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. உத்தரவாதம் கொடுக்க ஒருவர் வேண்டும். எனக்குப் பெரியக்கா கையெழுத்துப் போட்டார். இன்னொரு வழி, பெற்றோரின் மசேநிதி சாதாரணக் கணக்கிலிருந்து கட்டணம் கட்டும் கல்விக் கடன் திட்டம். அந்தப் பணத்தைப் பிள்ளை படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு தொடங்கி 12 ஆண்டுக்குள் ரொக்கமாகத் திருப்பிக் கட்டவேண்டும். பணத்தை எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

என் அபிப்பிராயம் இது. வீட்டில் மனமில்லாமல் இருக்கும்போது அப்பாவின் மசேநிதியைத் தொடாதீர்கள். படிக்கும் காலத்து வட்டிக் கணக்கிலும் முதல் வழிதான் லாபம். அதைவிட, 55 வயதை நெருங்கும் மனிதர் மசேநிதிக் கணக்கைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அந்த இறங்கிய எண்ணில் உங்கள் முகம் தெரியும். வேறு எதற்கோ நடக்கும் சண்டையிலும் அது வந்து நிற்கும்.

உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கக் கூச்சப்படாதீர்கள். பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே போய்க் கேளுங்கள், பெரும்பாலும் வீட்டு வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துத்தான் பார்ப்பார்கள். பீட்டி ரோட்டில் சிண்டா என்ற அமைப்பு இருக்கிறது, 1991லிருந்து இந்தியச் சமூகத்தின் கல்விக்காகவே நடக்கிறது. அங்கே கேட்பதைச் சில அப்பாக்கள் கையேந்துவதாக நினைப்பார்கள். அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள். மாதாமாதம் சிண்டா நிதிக்கு என்று அவர் பணம் அதில் பிடிக்கப்பட்டிருக்கும். அவர் போட்ட உண்டியல்தானே.

நீங்களும் வீட்டுக்கு ஏதாவது கொடுங்கள், சின்னத் தொகையாக இருந்தாலும். பகுதிநேர வேலையில் வந்ததில் மாதம் 150 வெள்ளி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை மின்சாரக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கினார். விடியவிடிய விளக்கு எரிகிறது என்ற பேச்சு அந்த மாதத்தோடு நின்றது.

பெரிதாகக் கேட்காதீர்கள், அளந்து கேளுங்கள்

"என்னை நம்புங்க, எனக்கு ஆதரவா இருங்க" என்று முதல் இரண்டு ஆண்டு நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நம்பிக்கையை யாராலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடியாது. மூன்றாம் ஆண்டு ஒருநாள் வேறு மாதிரி கேட்டேன்: "இரவு பத்திலிருந்து காலை அஞ்சு வரைக்கும் மேசை எனக்கு. அஞ்சு மணிக்குத் துடைச்சுக் கொடுத்துடறேன்." அம்மா உடனே சரி என்றார். இரண்டு ஆண்டாக நான் ஒழுங்காகக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நிபந்தனைகளும் வந்தன. ஸ்பிரே வேலை வீட்டுக்குள் கூடாது. மேசையில் பழைய தமிழ் முரசு நாளிதழை விரித்துத்தான் வெட்ட வேண்டும், ஆனால் கோயில் திருவிழாப் பக்கத்தின் மேல் கத்தி படக்கூடாது. நடுராத்திரியில் பக்கம் பக்கமாகப் புரட்டி அம்மன் படம் இல்லாத பக்கத்தைத் தேடியது ஒரு தனி அனுபவம். அப்புறம் வெட்டும் விரிப்பு ஒன்று வாங்கிவிட்டேன்.

இப்படிக் கேட்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் வீட்டுக்கு விருந்தாளி வேண்டாம். புதன்கிழமை அப்பாயியை மருத்துவமனைக்கு அழைத்துப்போக என்னால் முடியாது, சனிக்கிழமை முடியும். ஒன்றை மறுக்கும்போது நீங்கள் செய்யக்கூடிய இன்னொன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். அதில்தான் எல்லாமே இருக்கிறது.

தேதிகளை வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள், கைப்பேசியில் வைத்துக்கொண்டால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தேக்காவில் மளிகைக் கடைக்காரர் ஆண்டுதோறும் கொடுக்கும் காலண்டரில் அமாவாசை, கார்த்திகைக்குப் பக்கத்தில் என் ஒப்படைப்பு நாட்களைச் சிவப்பில் எழுதினேன். சில மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு தடவை பார்த்தால், சிவப்புத் தேதிக்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் "செல்வி வர வேண்டாம்" என்று இருந்தது. செல்வி என் அக்கா. பிள்ளைகளோடு வரும் வாரத்தை அம்மாவே தள்ளிவைத்திருந்தார்.

பண்டிகைகளை இப்போதே பார்த்து வையுங்கள். ஏசிசிஏ தேர்வுகள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பரில் வரும். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ. டிசம்பர் தாள் எழுதுகிறவருக்குப் பலகாரம் சுடும் வாரமும் படிப்பு உச்சத்தில் இருக்கும் வாரமும் மோதும். என் தோழி ஒருத்தி தீபாவளி அன்று முழு நாளும் வீட்டாரோடு, ஆனால் அதற்கு முந்தைய பத்து நாளும் முறுக்கு வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்று செப்டம்பரிலேயே பேசி முடித்துவிடுவாள். அக்டோபரில் கேட்டால் அது சண்டை.

வீட்டில் இடமே இல்லை என்றால், விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். தெம்பனிஸ், ஊட்லண்ட்ஸ், ஜூரோங் வட்டார நூலகங்களும் உண்டு. சாங்கி விமான நிலையத்தில் குளிரில் போர்வையோடு உட்கார்ந்து படிக்கும் மாணவர் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். தனியாகப் போய்விடலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். கல்யாணமாகாதவர் 35 வயதுக்கு முன் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க முடியாது, பயிற்சிச் சம்பளத்தில் அறை வாடகை கட்டுவது பெரும்பாடு. பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பயிற்சி முழுக்க அம்மா வீட்டில்தான் நடக்கும். அந்த நினைப்போடுதான் எந்தச் சண்டையையும் போட வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வரி

இதற்கு அதிக நேரம் செலவழிக்காதீர்கள். "இன்னும் படிச்சிக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்கிறவர் பதிலுக்காகக் கேட்பதில்லை. "ஆமா மாமா, இன்னும் ரெண்டு வருஷம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

ஆனால் அம்மாவுக்கு ஒரு வரியைச் சொல்லிக் கொடுங்கள், அவர் உங்கள் பதிலை உங்களைவிட அதிக முறை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கொடுத்தது: "மக கம்பெனியில வேலை பாக்குறா, வரைபடத்துல கையெழுத்துப் போடுற தகுதிக்குப் பரீட்சை எழுதுறா." அதில் வேலை, கம்பெனி, கையெழுத்து, பரீட்சை எல்லாம் இருக்கிறது. பெரியம்மா அதற்கு மேல் கேட்கவில்லை என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

கட்டியவரோ மாமியார் வீடோ எதிர்த்தால் கதை வேறு. அங்கே ஒரு வரி போதாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, சமையல், படுக்கும் நேரம் எல்லாவற்றையும் வாரவாரம் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். கணவனோ மனைவியோ அந்தப் பட்டியலில் தன் ஓய்வு நேரம் எங்கே என்று தேடுவார். அதை முதலில் எழுதுங்கள்.

எங்கே நிறுத்துவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்

இதைச் சொன்னால் பலர் முறைக்கிறார்கள். ஆனால் நான் செய்தவற்றில் அதிகம் பலன் தந்தது இதுதான். கடைசித் தேர்வுக்கு முன் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன்: இரண்டு முறை எழுதுவேன், இரண்டிலும் தேறாவிட்டால் மூன்று ஆண்டு பரீட்சைப் பேச்சையே எடுக்காமல் வேலை பார்ப்பேன்.

முதல் முறை தேறவில்லை. முடிவு வந்த அன்று அப்பா கதவருகே நின்று, "போச்சா?" என்றார். "ஒண்ணு போச்சு" என்றேன். அவர் உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்து பார்த்தார். "சரி, இன்னொண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் டிவி போட்டார். தாள் இல்லாமல் இருந்திருந்தால் அன்றிரவு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முடிவே இல்லாமல் பணமும் வயதும் கரைந்துகொண்டிருக்குமோ என்பதுதான் அவர்களுடைய பயம். சில சமயம் அது நியாயமான பயம். உங்களுக்கு ஒத்துவராத பாதையில் பிடிவாதத்துக்காக மட்டும் இருக்கிறீர்களா என்று, வீட்டில் கேட்பதற்கு முன் நீங்களே ஒருமுறை கேட்டுக்கொள்வது தப்பில்லை.

எல்லை மீறினால்

புரியாமல் எதிர்ப்பது வேறு. சான்றிதழ்களை ஒளித்துவைப்பது, அடிப்பது, கட்டாயக் கல்யாணத்துக்கு மிரட்டுவது வேறு. இவற்றுக்கு மேலே எழுதிய எதுவும் மருந்தாகாது. குடும்ப வன்முறைக்கு 1800-777-0000 என்ற எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். உடனடி ஆபத்தென்றால் 999. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால்கூட 1767க்கு அழையுங்கள், இரவு மூன்று மணியானாலும் எடுப்பார்கள். அவ்வளவு தூரம் போகாத, ஆனால் வீட்டில் பேச்சே நின்றுபோன நிலைக்கு உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. குடும்பத்தோடு சேர்த்து உட்காரவைத்துப் பேசும் சமூக சேவையாளர்கள் அங்கே உண்டு, தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழக ஆலோசகரிடம் போவதை வீட்டில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு வேலை, முதல் ஆண்டிலேயே செய்துவிடுங்கள். இதே பாதையில் நாலைந்து ஆண்டு முன்னால் போகும் ஒரு சீனியரைக் கண்டுபிடியுங்கள், முடிந்தால் நம் வீடுகளைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவராக. எனக்குக் கிடைத்த அக்கா ஒருவர் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் தன் சம்பளத்தைப் பற்றியும் தன் கல்யாணத்தைப் பற்றியும் தானாகவே பேசினார். நான் ஐந்து ஆண்டு பேசியதைவிட அந்த அரை மணி நேரம் அதிகம் வேலை செய்தது. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

2020ல் பதிவுச் சான்றிதழ் வந்தது. அப்பா ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பின்பக்கத்தில் ஏதாவது மிச்சம் எழுதியிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"அப்ப இனிமே பரீட்சை இல்லையே?"

"பரீட்சை இல்லப்பா. ஆனா தொழில் பாக்குறதுக்கான சான்றிதழை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அதுக்கு வகுப்பெல்லாம் போகணும்."

அப்பா தாளை மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்: "இந்தா, இன்னும் முடியலையாம்."